விருந்தாளிகளுக்கு வீட்டிலேயே ஸ்டார்ட்டர்: முதலில் ஈரத்தை வெளியேற்றுங்கள்

இரவு விருந்துக்கு ஆட்களை அழைத்துவிட்டு முதன்முறையாக ஸ்டார்ட்டர் செய்பவர்களுக்குச் செய்முறை கிடைப்பது கஷ்டமே இல்லை. கஷ்டம் தட்டு மேசைக்குப் போகும்போதுதான் தெரியும். டோஸ்ட் நமுத்திருக்கும், டிப் ஓரத்தில் தண்ணீர் பிரிந்திருக்கும், வெள்ளரித் துண்டுகள் துவண்டிருக்கும், காளான் தன் சாற்றிலேயே மிதக்கும். பார்க்க நான்கு கோளாறு, காரணம் ஒன்றுதான். காய்க்குள்ளும் தயிருக்குள்ளும் இருக்கும் தண்ணீர், அது வெளியே வரக்கூடாத நேரத்தில் வருகிறது. அதைச் சமையலறையிலேயே முன்கூட்டி வெளியேற்றிவிட்டால் சாதாரணப் பொருள்களே அருமையான ஸ்டார்ட்டர் ஆகிவிடும். கீழே உள்ள எல்லாமே அந்த ஒரு வேலையைச் சுற்றித்தான் போகின்றன.

எத்தனை வகை, எவ்வளவு

ஆறு முதல் எட்டுப் பேருக்கு மூன்று வகை போதும். தொட்டுச் சாப்பிட ஒரு டிப், கையில் எடுத்துச் சாப்பிட ஒன்று, கொறிக்க ஒன்று. நான்காவதாக ஏதாவது வேண்டுமென்றால் அது மட்டும் சூடாக இருக்கட்டும். இரண்டு சூடான வகைகளை ஒரே நேரத்தில் கொண்டுவர முயன்றால், வந்தவர்கள் கூடத்தில் இருப்பார்கள், அழைத்தவர் அடுப்படியிலேயே நிற்பார்.

அளவைக் கடி கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சாப்பாடு பரிமாறப் போகிறீர்கள் என்றால் ஆளுக்கு ஐந்து அல்லது ஆறு கடி. அதற்கு மேல் தாமதமாகும் என்றால் எட்டு. இதைத் தாண்டினால் நீங்கள் பாடுபட்டுச் செய்த முக்கிய உணவு பாதி அப்படியே மிஞ்சும். மெனுவை முடிவு செய்வதற்கு முன் ஒவ்வொருவரிடமும் ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். நிலக்கடலை, முந்திரி, பாதாம், எள், முட்டை, பால், கோதுமை ஆகியவற்றைப் பெயர் சொல்லியே கேட்க வேண்டும். "எதுவும் ஒத்துக்காதா?" என்று பொதுவாகக் கேட்டால் பலருக்கு எள்ளின் ஞாபகமே வராது.

கெட்டித் தயிர் டிப்

புதிதாகத் தொடங்குபவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். அடுப்பே வேண்டாம். அரை கிலோ புளிக்காத தயிரை மெல்லிய பருத்தித் துணியில் கொட்டி மூட்டையாகக் கட்டுங்கள். ஒரு வடிகட்டியில் வைத்து, அடியில் பாத்திரம் வைத்து, ஃப்ரிட்ஜில் நான்கு மணி நேரம் விடுங்கள். வெளியே தொங்கவிட்டால் வடிவதற்குள் புளித்துவிடும். அரை கிலோவில் ஏறக்குறைய பாதி எடைக்குக் கெட்டித் தயிர் கிடைக்கும். கரண்டியைக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் பதம்.

ஒரு நடுத்தர வெள்ளரிக்காயைத் துருவி, அரை டீஸ்பூன் உப்புப் போட்டுப் பிசறி, கால் மணி நேரம் கழித்துத் துணியில் முறுக்கிப் பிழியுங்கள். பிழிந்த தண்ணீரின் அளவைப் பார்த்தால், இதைச் செய்யாமல் விட்டால் டிப் ஏன் நீர்க்கிறது என்று உடனே புரியும். பிழிந்த துருவல், பொடியாக நறுக்கிய புதினா ஒரு கைப்பிடி, துருவிய சிறிய பூண்டுப் பல் ஒன்று, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், மிளகுத்தூள் கால் டீஸ்பூன் எல்லாவற்றையும் தயிரோடு கலக்குங்கள். வெள்ளரியிலேயே உப்பு இருப்பதால் கடைசியில் ருசி பார்த்துத்தான் மேலும் உப்புச் சேர்க்க வேண்டும். பச்சைப் பூண்டின் காரம் நேரம் ஆக ஆகக் கூடும். மாலையில் பரிமாறுவதை முந்தின இரவே கலப்பதாக இருந்தால் பூண்டை மட்டும் மறுநாள் சேருங்கள்.

கொண்டைக்கடலை டிப்

ஹம்மஸ் என்று பலருக்கும் தெரிந்தது. மிக்ஸியில் போட்டு அரைப்பதுதானே என்று தோன்றும், ஆனால் வழவழப்பாக வருவதற்கும் மணல் போல நறநறப்பதற்கும் இடையில் மூன்று நான்கு சிறிய விஷயங்கள் இருக்கின்றன.

வெள்ளைக் கொண்டைக்கடலை 200 கிராமை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, கடலைக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி புதுத் தண்ணீர் ஊற்றி, அரை டீஸ்பூன் சமையல் சோடா சேர்த்துக் குக்கரில் ஐந்தாறு விசில் விடுங்கள். ஆவி தானாக அடங்கட்டும். தோலைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் காரத்தன்மையில் கரையும், சோடா செய்யும் வேலை அதுதான். ஒரு கடலையை இரண்டு விரல்களுக்கு நடுவே அழுத்திப் பாருங்கள். வெண்ணெய் மாதிரி மசிய வேண்டும், நடுவில் சிறு குருணை கூடத் தட்டுப்படக்கூடாது. தட்டுப்பட்டால் மேலும் இரண்டு விசில். பலரும் சுண்டலுக்கு வேகவைக்கும் பதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பதத்தில் எவ்வளவு நேரம் அரைத்தாலும் வழவழப்பு வராது. வெந்ததும் வடிகட்டி, சோடா வாசனை போக ஒருமுறை வெந்நீரில் அலசுங்கள்.

கடலை வேகும் நேரத்தில் எள் விழுது. வெள்ளை எள் 100 கிராமைச் சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் வாசனை வரும்வரை வறுக்கவும். நிறம் மாறத் தொடங்கினால் கசப்பும் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆறியதும் ஈரமில்லாத மிக்ஸி ஜாரில் பொடித்து, மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, இடையிடையே நிறுத்தி ஓரங்களை வழித்துவிட்டு, ஊற்றும் பதத்துக்கு அரைக்கவும். தனியாக ஒரு கிண்ணத்தில் தட்டிய இரண்டு பூண்டுப் பற்களை மூன்று டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். பூண்டை நசுக்கியதும் காரத்தை உண்டாக்கும் நொதியைப் புளிப்பு அடக்கிவிடும். மணம் நிற்கும், நெடி குறையும்.

இனி வருவதுதான் எல்லோரும் பயந்துபோகும் இடம். எலுமிச்சைச் சாற்றை எள் விழுதில் ஊற்றிக் கலக்கியதும், அது இளகுவதற்குப் பதிலாகத் திரண்டு, கெட்டியாகி, திரிதிரியாகக் கரண்டியோடு சுற்றும். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து எண்ணெய் ஊற்றாதீர்கள், ஊற்றினால் இன்னும் மோசமாகும். எள் விழுது எண்ணெய்ப் பசை மிக்கது. அதில் கொஞ்சமாக நீர் பட்டால் எள்ளின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், போதிய நீர் கிடைத்ததும் இளகிக்கொடுக்கும். அதனால் ஐஸ் தண்ணீரை ஒவ்வொரு டேபிள்ஸ்பூனாக விட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். நான்காவது ஐந்தாவது ஸ்பூனில் விழுது பழுப்பிலிருந்து வெளிறி, தளர்ந்து, க்ரீம் மாதிரி ஆகும். அதன் பிறகு வெதுவெதுப்பான கடலையையும் ஒரு டீஸ்பூன் உப்பையும் அரை டீஸ்பூன் சீரகத்தூளையும் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம் விடாமல் அரைக்கவும். ஆறினால் இறுகும் என்பதால், வேண்டிய பதத்தைவிடக் கொஞ்சம் தளர்வாக நிறுத்துங்கள். இந்த அளவு எட்டுப் பேருக்குத் தாராளம்.

தொட்டுக்கொள்ளும் காய்கள்

கேரட், குடைமிளகாய், வெள்ளரி மூன்றும் போதும். விரல் நீளத்துக்கு, விரலில் பாதிப் பருமனுக்கு வெட்டுங்கள். கேரட் துண்டுகள் மட்டும் அரை மணி நேரம் ஐஸ் தண்ணீரில் கிடக்கட்டும், செல்கள் நீரை உறிஞ்சி விறைத்து நொறுக்கென்று இருக்கும். எடுத்ததும் துணியால் நன்றாக ஒற்றிவிட வேண்டும். ஈரத்தோடு டிப்பில் முக்கினால் டிப் ஒட்டாது. வெள்ளரியில் நடுவே உள்ள விதைப் பகுதியைச் சீவி எடுத்துவிடுங்கள், தண்ணீர் விடுவது பெரும்பாலும் அந்தப் பகுதிதான். உப்பைத் தூவ வேண்டாம், டிப்பில் இருப்பதே போதும்.

தக்காளி டோஸ்ட்

மிக எளிது என்று சொல்லப்படுவதும் அடிக்கடி சொதப்புவதும் இதுதான். ரொட்டியையும் தக்காளியையும் இரண்டு தனி வேலைகளாக நினைத்துக்கொண்டால் சொதப்பாது.

ரொட்டி: ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு, இரண்டு கடியில் முடியும் அளவுக்கு வெட்டுங்கள். முந்தின நாள் ரொட்டியாக இருந்தால் நல்லது. இருபுறமும் லேசாக எண்ணெய் தடவி, ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிவிட்டு வையுங்கள். ஓவன் இல்லாதவர்கள் தோசைக்கல்லில் சிறு தீயில் ஒவ்வொரு பக்கமும் நான்கைந்து நிமிடம் வைக்கலாம். தீயைக் கூட்டினால் மேலே சிவந்து உள்ளே மெத்தென்று இருக்கும். அந்த மெத்தான பகுதிதான் பிறகு தக்காளிச் சாற்றை உறிஞ்சி நமுக்கிறது. முழுத் தடிமனும் உலர வேண்டும். சூடாக இருக்கும்போதே உரித்த பூண்டுப் பல்லை மேலே தேயுங்கள், சொரசொரப்பான ரொட்டியே துருவியின் வேலையைச் செய்துகொள்ளும். அடுக்கி வைக்காமல் கம்பித் தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். சூடான துண்டுகளை அடுக்கினால் ஆவி நடுவில் மாட்டிக்கொண்டு எல்லாம் தளர்ந்துவிடும். முழுக்க ஆறிய பிறகு டப்பாவில் போட்டு மூடிவைத்தால் காலையில் செய்தது மாலைவரை மொறுமொறுப்பு மாறாது.

தக்காளி: பழுத்த, ஆனால் கெட்டியான தக்காளி அரை கிலோ. குறுக்கே வெட்டி, விதையையும் கூழையும் ஒரு கிண்ணத்தில் வழித்தெடுத்துவிட்டு, சதையை அரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். அரை டீஸ்பூன் உப்புக் கலந்து வடிகட்டியில் இருபது நிமிடம் வையுங்கள். வடிந்த தண்ணீரையும் வழித்தெடுத்த கூழையும் கொட்டிவிடாதீர்கள். தக்காளிக்குச் சுவையூட்டும் குளுட்டமேட் சதையைவிட அந்தக் கூழில்தான் அதிகம். இரண்டையும் சேர்த்து வடிகட்டி, சிறிய வாணலியில் நான்கைந்து நிமிடம் கொதிக்கவிட்டு இரண்டு டேபிள்ஸ்பூனாகச் சுண்டவைத்து, ஆறியதும் மறுபடி தக்காளித் துண்டுகளோடு கலந்துவிடுங்கள். தண்ணீர் போய்விட்டது, ருசி திரும்பி வந்துவிட்டது. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், கிள்ளிய துளசி வகை இலையோ கொத்தமல்லியோ, மிளகு. அவ்வளவுதான்.

பரிமாறும் முன் ஒவ்வொரு டோஸ்ட்டிலும் முதலில் கெட்டித் தயிரையோ க்ரீம் சீஸையோ மெல்லிய படலமாகத் தடவுங்கள். அந்தக் கொழுப்புப் படலம் ஈரத்தை ரொட்டிக்குள் சட்டென்று இறங்க விடாது. அதன்மேல் ஒரு டேபிள்ஸ்பூன் தக்காளி. இப்படிச் செய்தாலும் கால் மணி நேரத்துக்குமேல் தாங்காது. ஆகவே எல்லாவற்றையும் ஒரேயடியாக அலங்கரிக்காமல் பத்துப் பத்தாகச் செய்து கொண்டுபோங்கள்.

மசாலா முட்டை

ஆறு முட்டையில் பன்னிரண்டு துண்டு. இங்கே சிக்கல் ஓடு உரிப்பதில். அன்று வாங்கிய புது முட்டையை அவித்தால் ஓட்டோடு வெள்ளைக்கருவும் பிய்ந்துகொண்டு வரும். ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் இருந்த முட்டையில் கரியமில வாயு ஓடு வழியாகக் கசிந்து, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடியிருக்கும். அப்போது உள்தோலின் பிடி தளர்ந்துவிடும். குளிர்ந்த நீரில் போட்டுச் சூடேற்றுவதைவிட, கொதிக்கும் நீரில் மெதுவாக இறக்கி பதினொரு நிமிடம் வேகவைத்தால் உரிப்பது இன்னும் எளிது. உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றிப் பத்து நிமிடம். அதிக நேரம் வெந்தால் மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் பச்சை வளையம் விழும். கருவில் உள்ள இரும்பும் வெள்ளையில் உள்ள கந்தகமும் சேர்வதால் வரும் நிறம் அது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் நன்றாக இருக்காது.

நீளவாக்கில் இரண்டாக வெட்டி, மஞ்சள் கருவை எடுத்து, மூன்று டேபிள்ஸ்பூன் மயோனைஸ், ஒரு டீஸ்பூன் கடுகு விழுது, கால் டீஸ்பூன் உப்பு, மிளகு சேர்த்துக் கட்டியில்லாமல் மசியுங்கள். சல்லடையில் தேய்த்துவிட்டால் இன்னும் மென்மையாக வரும். கனமான பிளாஸ்டிக் பையில் கலவையைப் போட்டு மூலையைக் கத்தரித்துப் பிழிந்து நிரப்பலாம். வெள்ளைக்கருவின் அடியில் ஒரு மெல்லிய சீவல் எடுத்தால் தட்டில் உருளாமல் நிற்கும். அவித்த வெள்ளைப் பகுதியையும் கலவையையும் தனித்தனியாக மூடி ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். நிரப்புவது அன்றைக்கு.

கொறிக்க

வறுத்த முந்திரியிலும் பாதாமிலும் உப்பைத் தூவினால் எல்லாம் கிண்ணத்தின் அடியில்தான் கிடக்கும். 250 கிராம் பச்சைக் கொட்டைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வெந்நீரில் ஒரு டீஸ்பூன் உப்பைக் கரைத்துப் பிசறி, ஓவன் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, 160 டிகிரியில் பதினைந்து நிமிடம் வறுங்கள். இரண்டு முறை கிளறிவிடுங்கள். தண்ணீர் ஆவியானதும் உப்பு ஒவ்வொரு கொட்டையிலும் வெள்ளைப் பூச்சாகப் படிந்திருக்கும். நினைத்த நிறத்துக்கு ஒரு படி முன்னதாகவே எடுங்கள், வெளியே எடுத்த பிறகும் உள்சூட்டில் சிவக்கும். சூட்டில் மென்மையாகத்தான் இருக்கும், ஆறினால் மொறுமொறுப்பு வந்துவிடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் வருவதாக இருந்தால் முழுக் கொட்டையை அவர்களுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

சூடாக ஒன்று: அடைத்த காளான்

நான்கைந்து சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டன் காளான் 400 கிராம். சட்டென்று அலசித் துடைத்துவிட்டுக் காம்பைத் திருகி எடுங்கள். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அப்படியே அடைத்து ஓவனில் வைத்தால் அந்தத் தண்ணீர் குழிக்குள்ளேயே தேங்கி அடைசலைக் கஞ்சியாக்கிவிடும். அதனால் முதலில் எண்ணெய் தடவி, குழி கீழே பார்க்கும்படி கவிழ்த்து, 200 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம் வெறுமனே வையுங்கள். தட்டில் கறுப்புச் சாறு தேங்கும். அதை வடித்துவிட்டு, காளானைத் துணியில் ஒற்றி நிமிர்த்துங்கள். காளான் முக்கால் அளவுக்குச் சுருங்கியிருக்கும், பயப்பட வேண்டாம்.

அடைசலுக்கு: பொடியாக நறுக்கிய காம்பு, ஒரு சிறிய வெங்காயம், இரண்டு பல் பூண்டு மூன்றையும் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் ஈரம் வற்றிச் சட்டியில் சலசலப்பு அடங்கும்வரை வதக்குங்கள். இறக்கிய பிறகு நான்கு டேபிள்ஸ்பூன் ரொட்டித்தூள், துருவிய சீஸ் 50 கிராம், மிளகு. சீஸில் உப்பு இருக்கும் என்பதால் உப்பைக் கடைசியில் பாருங்கள். அடைத்து வைத்த காளானை மதியமே தயாராக்கி ஃப்ரிட்ஜில் வைக்கலாம். ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் 200 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். மேலே பொன்னிறம் வந்ததும் எடுத்து, இரண்டு நிமிடம் பொறுத்துப் பரிமாறுங்கள், உள்ளே கொதிக்கக் கொதிக்க இருக்கும்.

எப்போது எதைச் செய்வது

விருந்து மாலை ஏழரைக்கு என்று வைத்துக்கொள்வோம். முந்தின நாள் காலையில் கடலையை ஊறப்போடுங்கள். இரவு கொண்டைக்கடலை டிப்பை அரைத்து வைத்துவிட்டு, தயிரைக் கட்டி வையுங்கள், முட்டையையும் அவித்துவிடுங்கள். விருந்து நாள் காலையில் டோஸ்ட்டும் கொட்டையும். மதியம் காளான் அடைப்பது, காய் வெட்டுவது. ஆறு மணிக்குத் தக்காளியில் உப்புப் போட்டு, முட்டையை நிரப்பி மறுபடி ஃப்ரிட்ஜில் வைக்கலாம். ஏழு மணிக்குக் கொண்டைக்கடலை டிப்பை வெளியே எடுத்து வைத்து, ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டுக் கலக்கி, உப்பை மறுபடி பாருங்கள். குளிர்ந்த உணவில் உப்பும் புளிப்பும் மங்கித் தெரியும் என்பதால் முந்தின இரவு சரியாக இருந்தது இப்போது சப்பென்று இருக்கலாம்.

தட்டுகளை ஒரே மூலையில் குவிக்காமல் இரண்டு இடத்தில் வையுங்கள், கூட்டம் பிரிந்து நிற்கும். ஒவ்வொரு டிப்புக்கும் தனி ஸ்பூன், ஆளுக்கொரு சிறு தட்டு. ஸ்பூனால் எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டு தொட்டால், கடித்த துண்டு மறுபடி பொதுக் கிண்ணத்துக்குள் போகாது. டிஷ்யூ தாராளமாக இருக்கட்டும். முட்டையும் தயிரும் சீஸும் உள்ளவற்றை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்குமேல் விடக்கூடாது. வெயில் காலத்தில் அறை 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். எல்லாவற்றையும் மேசையில் பரப்பாமல் பாதியை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு நிரப்பினால் இந்தக் கணக்கைக் காப்பது சுலபம். நிரப்பும்போது பழைய கிண்ணத்தின் மேலேயே கொட்டாமல் புதுக் கிண்ணத்தில் கொண்டுவாருங்கள். மேசைக்கே வராத கொண்டைக்கடலை டிப் ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாள் நன்றாக இருக்கும். மேசையில் கிடந்து பலர் தொட்டதை அன்றிரவே அப்புறப்படுத்திவிட வேண்டும். மிஞ்சிய டோஸ்ட்டை மிக்ஸியில் பொடித்து டப்பாவில் போட்டால் அடுத்த முறை காளானுக்கு ரொட்டித்தூள் தயார்.